பழைய அட்டையில் ஒரு நாற்காலி



மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டினால், உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. நிமிர்ந்து உட்காரவைத்தால் விழுங்குவது எளிதாகும். கைகளாலும் விளையாட முடியும்.

ஜிம்பாப்வே நாட்டில் பெவில் பாக்கர் என்பவர், பழைய அட்டையையும் காகிதத்தையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, இத்தகைய இருக்கைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். நன்றாய்க் காய்ந்தால் அவை பலகைபோல் உறுதியாகும். வார்னிஷ் பூசினால் ஈரம் எளிதில் ஏறாது.

மலிவு மட்டுமல்ல இதன் நன்மை. முதுகு சாய, முழங்கால் மடங்க, பாதம் பதிய, இருக்கை பிள்ளையின் அளவுக்கே அமையவேண்டும். பெரிதாயிருந்தால் பிள்ளை சரிந்து, நாளடைவில் முதுகு கோணிவிடலாம். வளரும் பிள்ளைக்கு ஒரே நாற்காலி பல ஆண்டுகள் உதவாது. செய்யக் கற்ற தாயோ மறுபடியும் அளந்து செய்துகொள்வாள்.

ஆகவே, நாற்காலிக்குக் கொடுக்கும் காணிக்கையைப் போலவே பயிற்சிக்குக் கொடுப்பதும் அவசியம் என்று எண்ணுகிறோம்.