ரிவர்ஸ்டன் மலையும் நிழற்படக் கலையும்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக இல்லுக்கும்புர நோக்கிச் செல்லும் மலைப்பாதை, தேயிலைத் தோட்டங்களையும் மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்களையும் கடந்து, வளைந்து வளைந்தேறி ரிவர்ஸ்டனை அடைகிறது. மடக்கிய கைவிரல்களின் மொளிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட மலைத்தொடரின் ஒரு பகுதி இது. தும்பறை மலை என்பது இந்நாட்டவர் வழங்கும் பெயர். 2010ஆம் ஆண்டில், சிவனொளிபாதமலைக் காட்டுடனும் ஹோட்டன் சமவெளியுடனும் சேர்த்து, யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

நிழற்படக் கலையில் ஈடுபாடுள்ளோர் இம்மலையை நாடி வருவதில் வியப்பில்லை. ஒரு கணம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும். மறுகணம் மூடுபனி வந்து எதிரே நிற்பவரையும் மறைத்துவிடும். காற்றின் வேகத்தால் வளர்ச்சி குன்றிக் கூனிய மரங்கள் ஒருபுறம். பிட்டவல பத்தனையின் புல்வெளி ஒருபுறம். அப்புல்வெளியின் எல்லையிலே, சிறிய உலக முடிவு என்று அழைக்கப்படும் செங்குத்தான மலைவிளிம்பு. கைத்தொலைபேசியிலேயே கமரா அமைந்துவிட்ட இந்நாளில், விடுமுறை தினமொன்றில் அங்கே நிற்பவருள் படம் எடுக்காதவரைக் காண்பது அரிது.

நானும் இம்மலைக்குக் கமராவுடன் பலமுறை சென்றவன். அங்கே நான் கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்று கருவியைப் பற்றியது. மற்றொன்று எடுத்த படத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியது. முன்னையது எளிது, ஆதலின் அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

மூடுபனியைப் படமெடுப்போர் பெரும்பாலும் அடைவது ஏமாற்றமே. கண்ணுக்குப் பால்போலத் தோன்றிய பனி, படத்திலே அழுக்கேறிய துணிபோல மங்கிக் கிடக்கும். காரணம் இதுதான்: கமராவிலுள்ள ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே அளவிடும் இயல்புடையது. வெண்மை மிகுந்த காட்சியை அதன் சொற்படி எடுத்தால், வெண்மையும் சாம்பலாகவே பதியும். ஆதலின் ஒளிமானி காட்டும் அளவினும் ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூடுதலாக ஒளிபடச் செய்தல் வேண்டும். கைத்தொலைபேசியிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று உயர்த்திவிட இயலும். இச்சிறு திருத்தம் ஒன்றே பனிக்கு அதன் வெண்மையை மீட்டுத் தரும்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ரிவர்ஸ்டனில் ஒருவர் நிமிர்ந்து நிற்பதே கடினம். முக்காலித் தாங்கியின் கால்களை அகல விரித்துத் தாழ வைப்பதும், நடுத்தண்டை உயர்த்தாது விடுவதும், பையை அதிலே தொங்கவிட்டு, அது ஊசலாடாதபடி நிலத்தைத் தொடச் செய்வதும் பயன் தரும். குளிர்ந்த கமராவை வெப்பமும் ஈரமும் மிகுந்த கீழ்நாட்டுக்கு இறக்கிக் கொண்டு வந்தவுடன் வெளியே எடுத்தால் வில்லையில் நீர் படியும். மூடிய பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து பின்னர் எடுத்தல் நன்று.

இவற்றுக்கு மேல் விலையுயர்ந்த கருவி வேண்டுமா என்று மாணவர் கேட்பதுண்டு. நம் மொழி வாசகருக்கு நெருக்கமான ஒருவரையே சான்றாகக் காட்டுகிறேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்றவர். அவருடைய கமரா கடையில் வாங்கிய முழுக்கருவி அன்று. ஒன்றின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் பிற உறுப்புகளையும் தாமே இணைத்து அமைத்துக் கொண்டது. அக்கருவியைச் சுமந்து கொண்டு யானையின் வரவுக்காகக் காத்திருக்கும் பொறுமைதான் அவர் பெற்றிருந்த பெருஞ்செல்வம்.

நம் நாட்டிலே இக்கலையின் தலைமகன் லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டு பிறந்து 1944இல் மறைந்த அவர், சட்டம் பயின்றவர். பியானோ இசையில் வல்லவர். 43ஆம் ஆண்டுக் குழு என்ற ஓவியர் கூட்டத்தின் உயிர்நாடியாக விளங்கியவர். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவும் 1929இல் வெளிவந்த றோலிபிளெக்ஸும் படக்கலையைக் கனமான தாங்கியிலிருந்து விடுவித்த காலம் அது. ஒளியும் நிழலும் இடம்மாறும் விந்தைகளை அவர் இருட்டறையிலே நிகழ்த்தினார். அதே வேளை கிராமத்தையும் கடற்கரையையும் உழைப்போரையும் கூர்ந்து நோக்கினார். அவர் மறைந்த பின் 1950இல் அவருடைய படங்கள் ஒரு நூலாக வெளிவந்தன. 1953இல் கொழும்பிலே அவர் பெயரால் எழுந்த கலைநிலையத்தில் நாடக அரங்கோடு காட்சிக்கூடமும் உண்டு. கொழும்புக்குச் செல்லும் மாணவர் அங்கே ஏதேனும் கண்காட்சி நடைபெறுமாயின் தவறாது பார்த்துவர வேண்டும். திரையிலே விரலால் தள்ளிவிடும் படம் வேறு. சுவரிலே தொங்கி, நம்மை நிறுத்தி வைத்துப் பேசும் படம் வேறு.

கண்காட்சியிலே படத்தின் கீழ் சிறு குறிப்பொன்று எழுதப்பட்டிருக்கும். பலர் அதனைப் படிப்பதில்லை. எழுதுவோரும் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. நான் சொல்ல வந்த இரண்டாம் பாடம் அக்குறிப்பைப் பற்றியதே.

பிட்டவல பத்தனையின் ஈரப் பாறைகளில் ஒருவகைத் தவளை வாழ்கிறது. பாறைப் பிளவிலே ஒடுங்கியிருப்பதற்கேற்பத் தட்டையான உடல் கொண்டது. அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. நீர் கசியும் பாறையின் மேலேயே வளர்கின்றன. இம்மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இத்தவளை இல்லை. அவ்வாறே இங்கு மட்டும் வாழ்வது, மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்புடைய ஓணான். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் என்பவரின் பெயரை அறிவியலார் அதற்குச் சூட்டினர். 2006ஆம் ஆண்டில்தான் தனி இனமென்று அறியப்பட்ட தும்பறைக் குள்ள ஓணானும் இம்மலைக்கே உரியது.

இந்த ஓணான்களைத் திருடிச் சென்று பிறநாடுகளில் செல்லப்பிராணிகளாக விற்கும் கூட்டம் உண்டு. அதனாலேயே, 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாட்டில், இலங்கையின் கோரிக்கைப்படி இவ்விரு ஓணான்களும் வணிக நோக்கான நாடுகடந்த வியாபாரம் தடுக்கப்பட்ட முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கள்ளர் காடு முழுவதும் தேடியலைய வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் இடங்குறிக்கும் வசதி இயங்குமாயின், எடுத்த படத்துக்குள்ளேயே அவ்விடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் பதிந்துவிடுகின்றன. அன்புமிகுதியால் ஒருவர் வெளியிடும் அழகிய படம், ஓணானின் வீட்டுக்கு வழிகாட்டும் துண்டாக மாறிவிடக்கூடும். ஆதலின் மலைக்குப் புறப்படுமுன் அவ்வசதியை நிறுத்திவிடுங்கள். குறிப்பிலே 'நக்கிள்ஸ் மலைத்தொடர்' என்று மட்டும் எழுதுங்கள். எந்த மரம், எந்தத் திருப்பம் என்று எழுதாதீர்கள். நல்ல வெளிச்சத்துக்காக ஓணானைப் பிடித்து வேறு கிளையில் வைப்பதும், தவளையைக் காண்பதற்காகப் பாறைத் துண்டைப் புரட்டுவதும் கலையாகா.

இனி மனிதரைப் பற்றி. மறைக்க வேண்டியதை மறைக்கத் தவறும் நாம், சொல்ல வேண்டியதைச் சொல்லவும் தவறிவிடுகிறோம்.

ஜூலியா மார்கரட் கமரன் என்ற அம்மையார் உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். இலங்கையின் ஆட்சிச் சீர்திருத்தத்தை ஆராய வந்த கோல்புறூக் - கமரன் குழுவைச் சரித்திர ஆசிரியர் அறிவர். அக்கமரனின் மனைவியே இவர். நாற்பத்தெட்டாவது வயதில் கமராவைக் கையிலெடுத்து, இங்கிலாந்திலே டெனிசன், டார்வின், ஹெர்ஷல் முதலியோரைப் படமெடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிலே நம் மக்கள் இருக்கின்றனர். தோட்டத்துத் தமிழரும் இருக்கின்றனர். கண்ணியத்தோடு எடுக்கப்பட்ட படங்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் இங்கிலாந்துக் கவிஞருக்கும் அறிஞருக்கும் பெயருண்டு. இவர்களுள் பலருக்குப் பெயரில்லை. ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பதோடு நின்றுவிடுகிறது.

பின்வந்த கொழும்புப் படநிலையங்களின் அஞ்சலட்டைகளில் அதுவும் சுருங்கிற்று. 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்போர்' என்பனவே குறிப்புகளாயின. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்து, வழியிலேயே மாண்டோரை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் படமுமில்லை, பெயருமில்லை. தப்பி வந்து மலையை வளமாக்கியவரின் சந்ததியினர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோர் துயர் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. பெயரும் படமும் பொறித்த ஒரு கடதாசிக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்களுக்கு, படத்தின் கீழே தம் பெயர் இருப்பது அற்ப விடயமா?

இன்றும் ரிவர்ஸ்டன் பாதையில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்ணை நோக்கிக் கமராவைத் திருப்பி, ஒரு சொல்லும் பேசாமல் சென்றுவிடுவோர் உளர். அடுத்த மாதம் ஏதோவொரு கண்காட்சியில் அவர் முகம் தொங்கும்; கீழே 'உழைப்பு' என்றோ 'புன்னகை' என்றோ எழுதியிருக்கும். அத்தகைய படமொன்று பரிசு பெற்றதையும் நான் கண்டிருக்கிறேன். இறங்கிச் சென்று, "அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா? உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? அவர் வேண்டாமென்றால் கமராவைத் தாழ்த்திவிடலாம். உடன்பட்டால், பெயரை எழுதலாமா என்றும் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த முறை செல்லும்போது படத்தின் பிரதியொன்றை அவர் கையில் கொடுக்கலாம்.

பாடசாலைகளில் நிழற்படக் கழகம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்காட்சிக்குப் படம் தெரிவுசெய்யும்போது தமிழாசிரியரையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் படத்தின் கீழே எழுதும் ஓரிரு வரிகளைப் படத்தைப் போலவே மதிப்பிடுங்கள். அரிய உயிரென்றால் அதன் இருப்பிடம் மறைந்திருக்கிறதா, மனிதரென்றால் அவர் சம்மதமும் பெயரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இவ்வாண்டில் ஒரு பாடசாலையேனும் இவ்வாறு செய்யுமாயின், அக்கண்காட்சியைப் பார்ப்பதற்கு மாத்தளை வரை பயணம் செய்ய நான் ஆயத்தமாயிருக்கிறேன்.