நோர்வீஜியக் குடிபெயர்ந்தோரும் பண்ணைப் பெயர்களும்

1825 ஆம் ஆண்டில் 'ரெஸ்தௌராஷன்' என்னுஞ் சிறு கப்பல் ஸ்டவாங்கர் துறையினின்றும் நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்த நூறாண்டுகளில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நோர்வீஜியர் வட அமெரிக்காவை அடைந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் மூதாதையரைத் தேடுங்கால் முதலில் இடறுவது குடும்பப் பெயரிலேயாம். நாட்டுப்புற நோர்வேயில் அத்தகைய பெயர் அன்று வழக்கில் இருந்ததில்லை.

ஹான்ஸின் மகன் ஓலே 'ஹான்சன்' எனப்பட்டான். ஓலேயின் மகனோ 'ஓல்சன்' ஆனான். மகளிர் பெயரில் 'டாட்டர்' என்னும் ஈறு வந்தது. மணத்தின் பின்னரும் அவர்கள் தந்தைவழிப் பெயராலேயே பதியப்பட்டனர். இவற்றோடு பண்ணைப் பெயரும் சேர்ந்தது. அது குருதியுறவைச் சுட்டுவதன்று, வாழ்விடத்தைச் சுட்டுவது. மனைவியின் பண்ணையிற் குடிபுகுந்தவன் அப்பண்ணையின் பெயரைப் பெற்றான்; அதன் எல்லையுட் குடிசையமைத்து வாழ்ந்த கூலியுழவனும் அப்பெயராலேயே அறியப்பட்டான்.

அமெரிக்காவில் நிலையான பெயரொன்று வேண்டப்பட்டபோது தமையன் தந்தைவழிப் பெயரையும் தம்பி பண்ணைப் பெயரையும் மேற்கொண்டமை உண்டு. (நோர்வேயிலேயே 1923 ஆம் ஆண்டுச் சட்டந்தான் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது.) ஆதலின் ஒரே பெயரினரை உறவினரென நாம் கொள்ளுதல் பொருந்தாது.

தேடவேண்டியது பெயரையன்று, பண்ணையையே என்பது எமது கருத்து. ஆயின், மேட்டைக் குறிக்கும் 'ஹௌகன்' போன்ற பெயர்கள் நாடெங்கும் உள. எந்தப் பங்கைச் சேர்ந்த பண்ணை என்பதறியாவிடின் பயனில்லை. 1801, 1865 ஆம் ஆண்டுகளின் குடிமதிப்பேடுகள் பண்ணைவாரியாக மக்களைப் பெயர்சுட்டிக் கூறுகின்றன. அவற்றினும் பயன்மிக்கவை பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகள் என்போம்: ஞானப்பெற்றோரின் பண்ணைகளும் ஆங்குப் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருத்தலின், பிறிதெங்கும் புலப்படாத உறவு அவ்வரிகளில் வெளிப்படுதல் கூடும்.