வடை வடிவ ஒளியும் கிருமியின் குமிழும்

ஹாம் நகரின் ஊன்ட்றொப் பகுதியில் காமாட்சி அம்பாளின் தேரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீற்றர் கோபுரம், 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில், ஜேர்மனி எங்கும் இருந்து வந்த சனம். ஆனால் இன்றைக்கு நான் உங்களைக் கூட்டிப்போகும் இடம் வேறு! ஹாம் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போஹும். அங்குள்ள ரூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யூலியா பண்டோவின் குழு, மருந்து ஒரு பற்றீரியாவை எப்படிக் கொல்கிறது என்பதைக் கிருமியின் உடம்புக்குள்ளேயே தேடுகிறது. கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் வருடக்கணக்காகச் செய்வதும் இதைத்தான்.

முதலில் கிருமியை வளர்க்க வேண்டும். வட்டக் கிண்ணத்தில் உறைந்திருக்கும் அகர் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் இனிப்புச் செய்யும் அதே கடற்பாசிதான்! 1880களின் தொடக்கத்தில் பெர்லினில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்கு இந்த யோசனையைத் தந்தவர், அங்கு வேலை செய்த ஒருவரின் மனைவி ஃபனி ஹெஸ. அவர் தன் சமையலில் பழகிய பொருள் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அடுத்து நுணுக்குக்காட்டி. இங்கேதான் சிக்கல். ஒளியால் ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873இல் யேனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். பற்றீரியாவின் அகலமே ஒரு மைக்றோமீற்றருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் அதன் குறுக்கே நாலைந்து புள்ளிதான் தெரியும், உள்ளே நடப்பது எல்லாம் மங்கல். கோற்றிங்கன் நகரின் ஸ்ரெபன் ஹெல் ஒரு வழி கண்டார். ஒரு லேசர் சாயத்தை ஒளிரவைக்கும். இரண்டாவது லேசர், நடுவில் ஓட்டையுள்ள உளுந்துவடை வடிவில் விழுந்து, சுற்றியிருக்கும் ஒளியை அணைத்துவிடும். மிஞ்சுவது வடையின் ஓட்டைக்குள் ஒரு சின்னப் பொட்டு மட்டும்! அதற்கு 2014இல் நோபல் பரிசு.

ஆனால் போஹுமில் என்னை மயக்கியது இன்னும் எளிய வித்தை. மருந்து பட்ட கிருமிகளை அசற்றிக் அமிலமும் மெதனோலும் கலந்த திரவத்தில் போடுவார்கள். மருந்து கிருமியின் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுத்திருந்தால், சுவரின் ஓட்டை வழியே உள்சவ்வு பிதுங்கி ஒரு குமிழாக வெளியே தள்ளும். சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே தெரியும்! கோல் வடிவக் கிருமியின் பக்கத்தில் முத்து ஒட்டியது போல. குமிழ் வந்தால், மருந்து அடித்தது சுவரை.

2014இல் பண்டோவின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆறே அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சின்னப் புரதத் துண்டைப் பற்றியது. அது சவ்வில் போய் ஒட்டிக்கொள்ள, அங்கே வழக்கமாகத் தொற்றிக்கொண்டிருக்கும் புரதங்கள் கழன்றுவிடுகின்றன. மூச்சும் நிற்கிறது, சுவர் கட்டுவதும் நிற்கிறது. ஒரே அடியில் பல இடம் விழுவதால் கிருமிக்குத் தப்பும் வழி தேடுவது கடினம். அப்படியும் அது சும்மா இருக்கவில்லை! உடம்பு வெடித்துவிடாதிருக்க, உள்ளே இருக்கும் குளூற்றமேற்றை வெளியே கொட்டி அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறது. இத்தனை கெட்டிக்காரத்தனம் ஒற்றைக் கலத்துக்குள்!

இந்தத் தேடல் ஏன் அவசரம்? 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் நேரடியாகப் பறித்த உயிர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் என்பது கணிப்பு. தடிமனுக்கு அன்ரிபயோற்றிக் எழுதித் தராத வைத்தியரோடு கோபித்துக்கொண்டு வீட்டில் மிச்சமிருந்த குளிசையைப் போட்ட நாட்கள் எனக்கும் உண்டு. தடிமனைத் தருவது வைரசு, அந்தக் குளிசை அதைத் தொடவே தொடாது. என் வயிற்றிலிருந்த அப்பாவிப் பற்றீரியாக்களுக்குத்தான் அது பயிற்சி கொடுத்தது.

விளக்கணைத்த அறையில் கண்ணாடித் தகடு ஏறுகிறது. குவியத்தை மெல்லத் திருப்ப, சாம்பல் நிறத்தில் கோல்கள், கோல்கள், கோல்கள். அதோ, இடப்பக்கத்தில், ஒரு குமிழ்!