ஒரு முழம் தேறாத கயிறு

தெரெசீன்யாவிடம் நீச்சலுடை இருந்தது. ஓடுவதற்குக் காலணி இல்லை. அதனால் நீச்சலில் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அது 2000-ஆம் ஆண்டு. பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பெட்டிம் என்று ஓர் ஊர். மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தருகிறோம், சேர விரும்புகிறவர்கள் வரலாம் என்று அந்த ஊர் நகராட்சி அறிவித்திருந்தது. தெரெசீன்யா கில்யெர்மினாவுக்கு ஓட்டத்தில்தான் ஆசை. ஆனால் வெறுங்காலோடு போய் நிற்க முடியுமா? வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும், உடன்பிறந்த சகோதரி தன் காலணியை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கொண்டு போய் ஓடு."

அந்தக் காலணியில் தொடங்கிய ஓட்டம் ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ என்று நான்கு பாராலிம்பிக் போட்டிகளுக்குப் போனது. எட்டுப் பதக்கங்கள் வந்தன. அவற்றில் மூன்று தங்கம். இத்தனையும் பார்வை மங்கிக்கொண்டே போன ஒருவர் ஓடி வென்றவை. எப்படி ஓடினார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், அவர் கண்ணுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை உண்டு. கூம்பு செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும். நிறங்களைப் பிரித்துச் சொல்லும். ஒரு கண்ணில் இவை ஏறத்தாழ 60 லட்சம். மங்கிய வெளிச்சத்தில் உதவுபவை குச்சி செல்கள். இவை ஏறத்தாழ 12 கோடி. இரவில் மின்சாரம் போனதும் முதலில் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கதவும் கட்டிலும் சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கும். அப்போது குச்சி செல்கள் வேலைக்கு வந்துவிட்டன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றொரு கண்நோய் இருக்கிறது. தெரெசீன்யாவுக்கு வந்தது அதுதான். மருத்துவமனைகளில் சுருக்கமாக 'ஆர்.பி.' என்பார்கள். இந்த நோயில் பெரும்பாலும் குச்சி செல்கள்தான் முதலில் அழியத் தொடங்கும். ஆகவே இரவுப் பார்வை முதலில் போகும். குச்சி செல்கள் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நிறைய இருப்பதால் அடுத்து பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். நோட்டுப் புத்தகத்தைக் குழல்போலச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். எதிரே இருப்பவரின் முகம் தெரியும், அவர் நீட்டும் கை தெரியாது. இந்த நோய் உள்ளவர்கள் பலருக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது. பின்னர் கூம்பு செல்களும் தளர்ந்துவிடும்.

மாலைக்கண் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வைட்டமின் ஏ போதாவிட்டாலும் மாலையில் கண் தெரியாது. ஏனென்றால் குச்சி செல்லுக்குள் ஒளியைப் பிடிக்கும் பொருளை உருவாக்க அந்த வைட்டமின் வேண்டும். அதைக் கீரையும் பப்பாளியும் மாத்திரையும் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆர்.பி. நோயில் செல்லே அழிந்துபோவதால் உணவால் அதை மீட்க முடியாது. மரபணுவில் இருக்கும் பிழைதான் காரணம். அதனால் ஒரே வீட்டில் பலருக்கு வரக்கூடும். தெரெசீன்யாவின் பெற்றோருக்கு 12 பிள்ளைகள். அவர்களில் ஐந்து பேருக்குப் பார்வைக் குறைபாடு. இப்படிப்பட்ட மரபணுப் பிழைகளில் ஒன்றே ஒன்றுக்கு, ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் வரும் பிழைக்கு, 2017-இல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. மற்றப் பிழைகளுக்கும் வழி தேடிப் பல நாட்டு விஞ்ஞானிகள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஓடுவது காலின் வேலை, அதற்குக் கண் எதற்கு என்று தோன்றலாம். கண் இல்லாமல் கால் நேராகப் போகாது என்பதுதான் விஷயம்.

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஆய்வு செய்த யான் சோமனும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களின் கண்களைக் கட்டிவிட்டு, பரந்த வெளியில் நேராக நடக்கச் சொன்னார்கள். எல்லாரும் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டு நடந்தார்கள். ஆனால் வளைந்து வளைந்து போனார்கள். சிலர் 20 மீட்டர் குறுக்களவுகூட இல்லாத சிறு வட்டங்களில் சுற்றி வந்தார்கள்! சகாரா பாலைவனத்தில் நிலா வெளிச்சத்தில் நடந்த ஒருவர், நிலா தெரிந்தவரை நேராகப் போனார். நிலா மேகத்துக்குள் மறைந்ததும் அவருடைய பாதையும் திரும்பிவிட்டது.

ஒரு கால் சற்று நீளமாக இருப்பதால் இப்படி ஆகிறது என்று முன்பு பலர் நினைத்தார்கள். அப்படியானால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கமாக அல்லவா சாய வேண்டும்? இவர்களோ சிறிது நேரம் இடப்பக்கம் வளைந்தார்கள், சிறிது நேரம் வலப்பக்கம். காரணம் மூளைக்குள் இருக்கிறது. காதின் உட்பகுதியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று அவை சொல்லும். தசைகளும் மூட்டுகளும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்தியிலும் சின்னச் சின்னப் பிழை இருக்கும். கண் திறந்திருந்தால் தூரத்தில் இருக்கும் மரத்தையோ கோபுரத்தையோ பார்த்து அந்தப் பிழையை மூளை உடனே திருத்திக்கொள்ளும். கண்ணை மூடினால் திருத்த ஆளில்லை. பிழை மேல் பிழை சேர்ந்து, 'நேர்' என்று நாம் நினைக்கும் திசையே மெல்ல மெல்ல நகர்ந்துவிடுகிறது.

இப்போது ஒரு கணக்கு. ஓட்டப்பந்தயத்தில் ஒருவருக்கு உரிய தடத்தின் அகலம் 1.22 மீட்டர். நீங்கள் தடத்தின் நடுவில் ஓடத் தொடங்குகிறீர்கள். இரு பக்கமும் 61 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. உங்கள் திசை ஒரே ஒரு பாகை விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகைமானியை எடுத்துப் பாருங்கள், ஒரு பாகை எவ்வளவு சின்னது என்று! ஆனால் 35 மீட்டர் ஓடுவதற்குள் நீங்கள் தடத்தைத் தாண்டிவிடுவீர்கள். 100 மீட்டர் முடியும்போது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளி, பக்கத்துத் தடத்தில் இருப்பீர்கள்.

தெரெசீன்யா தங்கம் வென்ற ஓட்டங்கள் டி-11 பிரிவில் நடந்தவை. பார்வை முற்றிலும் இல்லாதவர்களும் ஏறக்குறைய இல்லாதவர்களும் ஓடும் பிரிவு அது. சிலருக்கு ஒளி மட்டும் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. அந்த வேறுபாடு போட்டியில் வந்துவிடக் கூடாது என்பதற்காக அனைவரும் ஒளி புகாத கண்மறைப்பு அணிய வேண்டும். தெரெசீன்யா தன் கண்மறைப்புகளைப் பளிச்சென்ற வண்ணங்களில் அலங்கரித்து அணிந்து வருவார். எந்தக் கூட்டத்திலும் அவரை அடையாளம் கண்டுவிடலாம்.

அந்த இருட்டில் திசையை யார் சொல்வது? பக்கத்தில் ஓடும் வழிகாட்டி ஓட்டக்காரர். லண்டனில் தெரெசீன்யாவின் வழிகாட்டியாக இருந்தவர் கில்யெர்மே சந்தானா. இவர் பெயர் கில்யெர்மே, அவருடைய குடும்பப் பெயர் கில்யெர்மினா. ஒரே பெயரின் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்! இருவர் கைகளையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். ஒரு முழம்கூடத் தேறாது.

இந்தக் கயிற்றில்தான் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இருக்கிறது.

நீங்களும் நண்பரும் அருகருகே நில்லுங்கள். நீங்கள் வலப்பக்கம், நண்பர் இடப்பக்கம். உங்கள் இடது கையையும் அவருடைய வலது கையையும் கயிற்றால் இணைத்துக்கொள்ளுங்கள். இப்போது நடங்கள். உங்கள் இடது கை முன்னே போகும்போது எந்தக் கால் முன்னே போகிறது? வலது கால். நண்பரின் வலது கையும் கூடவே முன்னே வந்துவிட்டது. ஆகவே அவருக்கு இடது கால் முன்னே போகும். இருவருடைய வெளிப்புறக் கால்களும் ஒரே நேரத்தில் முன்னே போகின்றன. அடுத்து உட்புறக் கால்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் உங்களோடு சேர்ந்து ஓடுவது போல! நம் பள்ளி விளையாட்டு விழாவில் மூன்றுகால் ஓட்டம் ஓடுவோமே, அதே தாளம்தான். அங்கே கால்களைக் கட்டுகிறோம், இங்கே கைகளை.

100 மீட்டருக்கு ஐம்பது அடிகள் அளவில் வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் அடியிலும் இருவர் கையும் ஒன்றாக வீச வேண்டும். வழிகாட்டி சற்றே பிந்தினால் கயிறு இழுபடும், ஓட்டக்காரரின் தோள் திரும்பும், தோள் திரும்பினால் திசை போகும். ஆகவே வழிகாட்டி தன் இயல்பான ஓட்டத்தையே மாற்றிக்கொண்டு, மற்றவருடைய அடியின் நீளத்துக்குத் தன் அடியை வெட்டிக்கொள்கிறார். 2015-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு காட்சி ஓட்டத்தில் தெரெசீன்யாவுக்கு வழிகாட்டியாக ஓடியவர் யார் தெரியுமா? உசேன் போல்ட்! 100 மீட்டரை 41 அடிகளில் கடந்த மனிதர். அப்படியானால் ஓர் அடி ஏறத்தாழ 2.4 மீட்டர். உலகிலேயே வேகமான அந்தக் கால்கள் அன்று 50 மீட்டர் தூரத்துக்கு இன்னொருவருடைய தாளத்தில் அடியெடுத்து வைத்தன.

கயிறு நீளும் தன்மை உள்ளதாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஏன்? உண்டிகோலை நினைத்துப் பாருங்கள். ரப்பரை இழுக்கும்போது ஆற்றல் அதில் சேர்கிறது. விட்டதும் கல்லுக்குப் போகிறது. வழிகாட்டி முன்னே ஓடி ரப்பர் கயிற்றை இழுத்தால் அந்த ஆற்றல் பின்னால் வருபவரைத் தூக்கிவிடும். அது வழிகாட்டியின் கால் வலிமை அல்லவா? அதனால்தான் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் தடை. முடிவுக் கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் தொட வேண்டும். வழிகாட்டி முந்தினால் இருவருக்கும் போட்டி போயிற்று. ஆக, வழிகாட்டி வேகமாக ஓடக்கூடியவராகவும் இருக்க வேண்டும், கடைசி அடியில் பின்தங்கவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு கடினமான வேலையை நான் வேறு எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

இரண்டு பேர் ஓடுவதால் ஓர் இணைக்கு இரண்டு தடங்கள் தருவார்கள். எட்டுத் தடங்கள் உள்ள மைதானத்தில் இறுதிப் போட்டிக்கு நான்கு இணைகள்தான். 200 மீட்டர் ஓட்டத்தில் சிக்கல் கூடும், ஏனென்றால் முதல் பாதி வளைவு. உள்தடத்தின் வளைவில் நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் போனால் உடல் ஏறத்தாழ 10 பாகை உள்பக்கம் சாய வேண்டும். சைக்கிளில் திருப்பத்தில் சாய்வீர்களே, அதுபோல. வளைவு தொடங்குவதும் முடிவதும் தெரெசீன்யாவுக்குத் தெரியாது. கில்யெர்மேயின் குரலும் கையும் சொன்னால்தான் உண்டு. இருவருக்கும் இடையில் அரை மீட்டர் இருந்தால், அரைவட்டம் முடிவதற்குள் வெளியே ஓடுபவர் மற்றவரைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருப்பார். அதுவும் அதே நேரத்துக்குள்!

2008 பெய்ஜிங்கில் தெரெசீன்யா முதல் தங்கத்தை வென்றது இந்த 200 மீட்டரில்தான். 2012 லண்டனிலும் அதே ஓட்டத்தில் தங்கம். பிறகு 400 மீட்டர் இறுதிப் போட்டி வந்தது. அதில் கில்யெர்மே கால் தடுமாறி விழுந்துவிட்டார். தெரெசீன்யா தனியே ஓடிப் பார்க்கவில்லை. தானும் தரையில் விழுந்து அவர் அருகிலேயே இருந்துவிட்டார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதற்குப் பிறகு 100 மீட்டர் இறுதிப் போட்டி. அதே இருவர், அதே கயிறு. 12.01 நொடி! அன்றைக்கு அது உலகச் சாதனை. மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி வேகம், கண்ணில் துளி வெளிச்சம் இல்லாமல். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் பிரேசில் பெண்களே வாங்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த நாட்டில், ரியோவில், தெரெசீன்யா 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றார்.

லண்டனில் அந்த 100 மீட்டரில் அவருக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர் ஜெருசா ஜெபெர் தோஸ் சாந்தோஸ். 12 ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் ஜெருசா தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 42.