கிணற்றில் காலே அரைக்கால் பங்கு

தொடர்: ஊற்றுக்கண் – 9

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நிலத்தின் நான்கெல்லையும் எழுதி முடித்த கையோடு கிணறு வரும். மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், கவலை ஏற்றம் ஓட்டி நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், வாய்க்கால் வழி நடை பாத்தியமும் என்று வாசகம் நீளும். பாகம் இன்னும் பொடியாகவும் போகும்: அரைக்கால், மாகாணி. சேர்ந்தும் வரும்: காலே அரைக்கால். அண்ணன் தம்பி நாலு பேர் பிரிந்தால் கிணறு நாலாகும். அதில் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் அந்தக் கால் இரண்டு அரைக்காலாகும். பிறகு முறை வைப்பார்கள். காலே அரைக்கால் பங்குக்காரருக்கு எட்டு நாளில் மூன்று நாள் தண்ணீர். முறை தவறி மாட்டைப் பூட்டினால் பஞ்சாயத்து கூடும்.

மோட்டார் வந்த பிறகும் இந்தக் கணக்கு உடனே அழியவில்லை. ஐந்து எச்.பி. பம்பு செட்டில் பாதி, மின் இணைப்பில் பாதி, டெபாசிட் தொகையில் பாதி என்று பத்திரத்தில் இன்னும் இரண்டு வரி கூடியது, அவ்வளவுதான். கணக்கை அழித்தது போர்வெல். ஆறரை அங்குல ஓட்டையில் யாருக்கு மாகாணி, யாருக்கு அரைக்கால்? போருக்குப் பெரும்பாலும் ஒரே சொந்தக்காரர். அவர் இறைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பத்திரம் கேட்பதில்லை.

பச்சைமலை அடிவாரத்திலிருந்து செட்டிகுளம், பாடாலூர் பக்கம் வந்தால் அடியில் இருப்பது கெட்டிப்பாறை. மேலே கொஞ்சம் மக்கிய பாறை. நீரைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதுதான். கீழே போகப் போக, விரிசல் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் போர் போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நீரோட்டம் பார்ப்பவர் வருவார். அவர் கையில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. கம்ப்ரசர் அலறத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. குழிவாயிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பும். ஊரில் அதற்குப் பெயர் ‘புகை’. புகை ஈரமாகி, சேறாகி, தண்ணீர் பீய்ச்சும்போது ஆட்கள் விரலை மடக்கிக் காட்டி ‘ஒன்றரை இஞ்ச்’, ‘ரெண்டு இஞ்ச்’ என்பார்கள். கூலி அடிக்கணக்கு. ஆழம் ஏற ஏற அடி விலையும் ஏறும். ஆனாலும் புகையோடு நிறுத்த யாருக்கும் மனம் வராது. இன்னும் ஐம்பது அடி, இன்னும் ஐம்பது அடி. அடகுக்கடைக்குப் போன நகைதான் இங்கே பல போர்களுக்கு முதல்.

ரெண்டு இஞ்ச் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது வந்த விரிசல் பக்கத்து வயல் கிணற்றின் ஊற்றுக்கண்ணோடு சேர்ந்த விரிசலாக இருக்கலாம். ஆறு மாதத்தில் அந்தக் கிணற்றுக்காரர் சைடு போர் போடுவார். அதுவும் வற்றினால் இன்னும் நூறு அடி ஆழமாக ஒரு போர். தப்பு யார் பேரில்? சட்டத்தைக் கேட்டால், யார் பேரிலும் இல்லை.

அந்தப் பதில் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தது. அங்கே ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, பக்கத்து நிலத்தில் நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டியதால் வறண்டுபோனது. அவர் நஷ்டஈடு கேட்டார். ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற அந்த வழக்கில் 1843-ல் தீர்ப்பு வந்தது: தன் நிலத்தை ஒருவர் தோண்டும்போது அடியில் கசியும் நீர் அவர் பக்கம் போய்விட்டால், அடுத்தவர் அதைக் கேட்க முடியாது. நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று அன்றைய நீதிபதிகளுக்குத் தெரியாது; தெரியாத ஒன்றுக்கு உரிமை வகுக்க முடியாது என்று விட்டார்கள். அதே எண்ணம் கப்பலேறி, 1882-ன் இந்திய வசதியுரிமைச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. வக்கீல்கள் பேச்சில் ஈஸ்மென்ட் சட்டம். அது முதலில் அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. வரையறுத்த போக்கில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்திக்கொள்ள ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் உரிமை உண்டு என்று அதன் ஏழாவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. நிலம் இல்லாதவருக்கு? அந்தக் கேள்வியே சட்டத்தில் எழவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீதிபதிகளுக்குப் புரியாத அந்தத் தண்ணீரைத்தான் நம் ஊர்க்காரர்கள் அரைக்காலும் மாகாணியுமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். கவலையும் இரண்டு மாடும் இருந்த காலத்தில் இறைப்பதற்கு இயற்கையான ஒரு வரம்பு இருந்தது. மாடு களைத்தால் கிணறு ஓய்வெடுக்கும். அந்த வரம்பு போன பிறகு கையில் மிஞ்சியது 1882 மட்டும்.

அதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. மத்திய அரசு 1970-லேயே மாநிலங்களுக்கு ஒரு மாதிரி மசோதா அனுப்பியது. தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறைவேற்றியதோடு சரி. அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை கடைசிவரை வெளியாகவில்லை. பத்தாண்டு அரசிதழில் தூங்கிய சட்டம் 2013-ல் அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த அரசாணை குறுவட்ட வாரியாக நீர் எடுப்பை ஒழுங்குபடுத்தியது. விவசாயத்துக்கு அதில் விலக்கு. விவசாயிகளின் பயத்தையும் குறை சொல்ல முடியாது. கிணறு வெட்ட அனுமதி என்றால் எத்தனை மேசைகளுக்கு நடக்க வேண்டும் என்பது பட்டா மாறுதலுக்கு அலைந்த யாருக்கும் தெரியும்.

மின்சாரத்தின் கதை தனி. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவசம் ஆனது, 1990 வாக்கில் எல்லோருக்கும் ஆனது. மூன்று ஏக்கர்காரரை நிலத்தில் நிற்கவைத்தது இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மீட்டர் இல்லாத மோட்டாரில் எவ்வளவு இறைத்தோம் என்பது இறைத்தவருக்கே தெரியாது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஊரின் எல்லா மோட்டார்களும் ஒன்றாக ஓடும். எல்லாக் கிணறும் ஒரே நேரத்தில் இறங்கும். இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் வரிசையைக் குறைக்க, 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் தரும் திட்டம் தொடங்கியது. காத்திருந்தவருக்கு அது நியாயம். பாறைக்கு அடியில் இருக்கும் தண்ணீரை அந்தத் திட்டத்தால் கூட்ட முடியாது.

மாநிலத்தின் கணக்கு இப்படி இருக்கிறது. 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள், மழை ஊறவிடுவதைவிட அதிகமாக உறிஞ்சுபவை. 2022-ல் அது 360 ஆகக் குறைந்தது. இடையில் நல்ல மழை பெய்தது என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் படித்தால் ஏமாறுவோம். ஆண்டுக்குச் சுமார் 860 மி.மீ. மழை பெறும் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் எண் திரும்பி ஏறிவிடும். சொட்டுநீர் வந்தால் சரியாகும் என்பார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது. வெங்காயத்துக்கு நல்ல பலனும் தருகிறது. ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் பாய்ந்தால் கிணற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

கிழக்கே அரியலூர் வேறு உலகம். இது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். வழியில், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், அந்தக் கடலுக்குள் அடித்து வரப்பட்டுக் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் இன்றும் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அடையாளம் கண்டது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமென்ட் ஊராக்கியது. சுரங்கப் பள்ளம் நீர்மட்டத்தைத் தாண்டி இறங்கினால், சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் பள்ளத்தை நோக்கி நகரும். உள்ளே வேலை நடக்க வேண்டுமானால் அதை இறைத்து வெளியேற்ற வேண்டும். லங்காஷயரின் பஞ்சாலைக் கிணறு அப்படியே இங்கே. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரிக்காக நிலம் எடுத்தும் சுரங்கம் வெட்டாமல் போன கதை அந்த ஊர்களுக்குத் தெரியும். வெட்டியிருந்தால், நெய்வேலியில் போல, நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரை இராப்பகலாக இறைக்க வேண்டி வந்திருக்கும்.

வேலை முடிந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளமாக நிற்கிறது. அதைப் பாசனத்துக்கும் ஊற்றுக்கும் முறையாகப் பயன்படுத்துவது பற்றிப் பேச்சு மட்டும் அதிகம். இதே மாவட்டத்தில்தான் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி இருக்கிறது. ஏரிக்கு ஆயிரம் வருஷம் கழித்தும் பேர் சொல்கிறோம். பள்ளத்துக்குச் சர்வே நம்பர்தான்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், ஒகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகை வற்றிக்கொண்டிருந்த ஷெரிடன் பகுதி விவசாயிகள் தாங்களே கூடிப் பேசி, 2013-ல் ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள்: நிலத்தில் பாய்ச்சும் நீர் ஐந்து ஆண்டுக்கு 55 அங்குலம். எந்த வருஷம் எவ்வளவு என்பது அவரவர் இஷ்டம். நோக்கம், இறைப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது. 2018-ல் அதையே மறுபடி நீட்டித்தார்கள். அங்கே கிணற்றுக்கு மீட்டர் உண்டு, அரசு உரிமம் உண்டு. நமக்கு அது தூரம்.

பக்கத்தில் இருப்பது ஆந்திரம். அனந்தபூர், சித்தூர், கடப்பா உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு, விவசாயிகள் தங்கள் மழையைத் தாங்களே அளந்தார்கள், கிணற்று மட்டத்தைத் தாங்களே குறித்தார்கள். விதைப்புக்கு முன் ஊர் கூடி, இருக்கும் தண்ணீருக்கு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். தடையும் இல்லை, அபராதமும் இல்லை. கணக்கைப் பார்த்த பலர் அதிகத் தண்ணீர் கேட்கும் பயிரைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அங்கும் பெரம்பலூரைப் போலக் கெட்டிப்பாறைதான்.

இதைத் தொடங்க புதுச் சட்டம் வர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். அதில் ஜனவரி 26 வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடைப் பயிருக்கு முன்னால் வருகிறது. அதற்கு முந்தின வாரம் ஊரில் பத்துத் திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மட்டம் பாருங்கள். அளக்க ஒரு கயிறும் நுனியில் ஒரு கல்லும் போதும். மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு விட்டு, விடியலில் அளக்க வேண்டும். அந்தப் பத்து எண்களையும் தேதியோடு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவிட்டு, அடுத்த ஜனவரியில் பக்கத்தில் இன்னொரு பத்தியை எழுதுங்கள்.

(தொடரும்)