சூடேறினால் பாடும் பெட்டி

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிற நாளில் அது குளிர்ந்திருக்க வேண்டும். "நான் வருவதற்கு முன்னால் போட்டு வைக்காதீர்கள்" என்று விற்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சூட்டில் மறைந்துகொள்ளும் கோளாறுகள் உண்டு. சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் வராது. கால் நிமிடம் போல மௌனம். பிறகு ஸ்பீக்கருக்குள் மெல்லிய இரைச்சல் ஊறி வரும். வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறைக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. இலங்கை வானொலியில் பாட்டு கேட்க வேண்டுமானால் கொஞ்சம் முன்னதாகவே ரேடியோவைப் போட்டுவிடுவார்கள். அந்தக் கால் நிமிடத்தில் உள்ளே நடப்பது தெரிந்தால், அறுபது வருடப் பழைய பெட்டிக்காக கிடார்க்காரர்கள் ஏன் ஏங்குகிறார்கள் என்பதில் பாதி புரிந்துவிடும்.

வால்வு என்ற கண்ணாடிக் குழலின் நடுவே நிற்கும் மெல்லிய உலோகக் குழாய்தான் எதிர்மின்வாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளின் பூச்சு. உள்ளிருக்கும் இழை கனன்று அந்தப் பூச்சை 700 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்குகிறது. கொதிக்கும் நீரிலிருந்து ஆவி எழுவதுபோல, பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் எழுகின்றன. சுற்றிலும் நிற்கும் நேர்மின்வாய்த் தகட்டில் 400 வோல்ட். அந்த இழுப்பில் பாய்ந்து தகட்டில் மோதும்போது அவற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 12,000 கிலோமீட்டர்! அதுவும் விரல் அகலம்கூட இல்லாத இடைவெளிக்குள். வழியில் காற்று இருந்தால் ஓட்டம் கெட்டுவிடும் என்பதால்தான் வெற்றிடம். வால்வின் உச்சியில் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் படலமும் பேரியம்தான், மிச்சமிருக்கும் வாயுவை வருடக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த மினுமினுப்பு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.

1906இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் இந்த இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே ஒரு கம்பியை வைத்தார். கிரிட் என்று அதற்குப் பெயர். வாய்க்கால் மடையில் பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வயலுக்குப் பாயும் தண்ணீர் எவ்வளவு கூடுகிறது! கிடார் தந்தியின் அதிர்விலிருந்து வரும் சின்னஞ்சிறு மின்னழுத்தம்தான் அந்தப் பலகையைத் தூக்கி இறக்கும் கை.

சரி, இதையே டிரான்சிஸ்டரும் செய்கிறதே, சூடும் எடையும் இல்லாமல்? செய்கிறது. வித்தியாசம், தாங்கமுடியாத அளவுக்கு ஒலியைக் கொடுக்கும்போதுதான் தெரியும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று தன் எல்லை வரை நேராகப் போய், அலையின் தலையைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடும். காதுக்கு அது கரகரப்பு. வால்வோ எல்லையை நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறது, அலையின் உச்சி மழுங்கி உருண்டு வருகிறது. மழுங்கிய அலைக்குள் மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஷட்ஜத்தை மீட்டினால் இரு மடங்கு அதிர்வெண்ணில் மேல் ஷட்ஜமும், மும்மடங்கில் அதற்கு மேலுள்ள பஞ்சமமும் கூடவே ஒலிக்கும். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா நூலைச் செருகி, தந்தி குதிரையில் உரசி ரீங்கரிக்க விடுகிறோமே, தேடுவது இதே செழுமையைத்தான். அந்த நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாக ஒலிக்கும், தம்புராவின் உயிர் போய்விடும். வால்வின் குறையை ஒரு கோளாறு என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

இந்தக் குறையைப் பொறியாளர்கள் விரும்பி வடிவமைக்கவில்லை. மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷல் ஓர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் விலை எட்டாமல் இருந்ததால், அங்கே வரும் இளைஞர்கள் அவரிடம் புலம்பினார்கள். 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் இருவரும் அவருடன் சேர்ந்து ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் சுற்றைப் பார்த்து ஒன்றைச் செய்தார்கள். பேஸ்மேன் உண்மையில் பேஸ் கிடாருக்காகச் செய்யப்பட்டது! முதல் வால்வின் இடத்தில் இசிசி83 என்ற இன்னும் அதிகம் பெருக்கும் வால்வைப் போட்டார்கள், சுற்று சீக்கிரமே திணறத் தொடங்கியது. பேஸ்மேனின் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் பின்புறம் திறந்த பெட்டியில் இருந்தன. இவர்கள் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களைப் பின்புறம் மூடிய தனி கேபினெட்டில் அடைத்தார்கள். சுற்று ஏறக்குறைய அதேதான். ஒலி மட்டும் வேறாகிவிட்டது, ராக் இசைக்கு ஒரு குரல் கிடைத்தது.

வாங்குபவர்கள் கேபினெட்டை வெறும் பெட்டியாக எண்ணி அலட்சியம் செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கிடார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு 5,000 ஹெர்ட்சுக்கு மேல் ஏறக்குறைய ஊமையாகிவிடும். வால்வு உண்டாக்கும் மேற்சுரங்களில் காதைக் கீறுபவை அங்கேதான் வடிகட்டப்படுகின்றன. அதே ஆம்ப்ளிஃபயரை உயர்தர ஹைஃபை ஸ்பீக்கரில் இணைத்தால் குளவிக்கூட்டம் இரைவதுபோல் இருக்கும். ஆகவே கேபினெட்டின் பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, நான்கு கூம்புகளையும் பாருங்கள். கிழிசல், ஒட்டு, ஈரம் பட்ட கறை இருந்தால் தெரியும். இரண்டு கைவிரல்களால் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தினால் உரசும் ஓசை வரக்கூடாது.

அடுத்தது ஓம் கணக்கு. வால்வுக்குப் பல ஆயிரம் ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ 16 ஓம். இரண்டுக்கும் இடையே நிற்பது வெளியீட்டு மின்மாற்றி. 4,000 ஓமை 16 ஓமாக மாற்ற, சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 16க்கு 1. பழைய பெட்டியில் அசலாக இருக்க வேண்டிய ஒரே பொருள் எது என்று கேட்டால், இந்த மின்மாற்றியைத்தான் சொல்வேன். ஸ்பீக்கரை இணைக்காமல் வாசித்தால், போக இடமில்லாத ஆற்றல் மின்மாற்றிக்குள் பெரும் மின்னழுத்தமாக எழும்பி அதன் காப்பையே பொத்துவிடலாம்.

மின்தேக்கிகள் வேறு கதை. அவற்றுக்குள்ளிருக்கும் திரவம் சில பத்தாண்டுகளில் காய்ந்துபோகும், முனகல் சத்தம் அதன் அறிகுறி. 'எதையும் மாற்றவில்லை, எல்லாம் ஒரிஜினல்' என்று விற்பவர் பெருமைப்பட்டால், மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயரை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மின்மாற்றி எரிந்துபோகும். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் இருந்தால், மூன்று முள் பிளக்காக மாற்றி எர்த் கொடுத்த பிறகே கிடாரைத் தொடுங்கள். தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை.

எல்லாம் பார்த்தாயிற்று என்றால் ஒரு தந்தியை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியை அணையுங்கள். நின்றுவிடாது. எதிர்மின்வாய் இன்னும் சூடாக இருக்கிறது, மின்தேக்கிகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. சில வினாடிகளுக்கு ஒலி தளர்ந்து தளர்ந்து, அடிக்குரலில் கரகரத்து, எங்கோ தூரத்தில் வாசிப்பதுபோல் கரைந்து போகும்.