சரிவோடு இறங்கும் வீடு

காஞ்சிபுரம் அருகே மாகறலில் வீடு கட்டுபவருக்கு நிலம் தொல்லை தருவதில்லை. செய்யாற்றுச் சமவெளி, கடைக்கால் தோண்டிச் சுவரை எழுப்பிவிடலாம். மலைச்சரிவில் அது நடக்காது. மண்ணை வெட்டி மட்டமாக்கினால், வெட்டிய பக்கம் பிடிமானம் இழக்கும். மழைநீர் ஊறிக் கனத்த மண் தடுப்புச் சுவரைத் தள்ளும். நீர் வடிய வழியில்லையென்றால் சுவர் சாயும்.

வீட்டையே சரிவின் போக்கில் படிப்படியாக இறக்குவது இன்னொரு வழி. ஒரே உயரத்தில் தரை போடாமல், அறைகளை வெவ்வேறு மட்டங்களில் வைத்துச் சில படிகளால் இணைப்பார்கள். மண் வெட்டும் வேலை குறையும். மேல்மட்ட அறைக்குக் கீழ்மட்ட அறை வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்காது.

இலங்கையின் கண்டியில், 1949 முதல் 1951 வரை, இந்த முறையில் எழுந்ததுதான் கருணாரத்ன வீடு. கண்டியிலேயே 1918இல் பிறந்த மினெட் டி சில்வா வடிவமைத்த முதல் கட்டடம் இது. மும்பையிலும் லண்டனிலும் படித்த அவர், 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்.

கான்கிரீட்டும் கண்ணாடியும் அன்றைய புதுமை. மினெட் அவற்றோடு உள்ளூர்க் கைவேலையையும் சேர்த்தார். வரவேற்பறைச் சுவரில் ஓவியர் ஜார்ஜ் கீட் வரைந்தார். பாரம்பரிய உருவங்கள் பதித்த சுடுமண் ஓடுகள் வந்தன.

நெசவாளர் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டியவை அந்த வீட்டுக் கதவுகள். மரச்சட்டத்துக்குள் பலகைக்குப் பதில் தும்பறைப் பாய் நெசவு! இலையிலிருந்து நாரைப் பிரித்து, சாயமேற்றி, தறியில் நெய்வது அது. கோடும் கட்டமும் பறவையும் மானும் அதன் உருவங்கள். தரையில் விரிக்கவும் சுவரில் தொங்கவிடவும் நெய்த பாய், இங்கே கட்டடத்தின் உறுப்பாகவே ஆகிவிட்டது. அலங்காரத்துக்காகக் கடைசியில் ஒட்டவைத்ததல்ல. நெசவாளரும் குயவரும் வரைபடத்திலேயே இடம் பெற்றிருந்தார்கள். இதை அவர் நவீன வட்டாரக் கட்டடக்கலை என்றார்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது 1996இல்தான். இரண்டே ஆண்டுகளில் அவர் காலமானார்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்று வீடு கட்டும் யாரும் கண்டிவரை போகத் தேவையில்லை. தறியும் குயவர் சக்கரமும் தச்சர் உளியும் பக்கத்திலேயே இருக்கின்றன. வரைபடம் போடும் நாளிலேயே அந்தக் கலைஞர்களையும் அழைத்து உட்காரவையுங்கள்.